கம்பிக்குக் கொடுக்காத பெட்டி

மருதமுனையில் நதீராவிடம் வாயைக் கொடுத்துவிட்டு முழுசாகத் திரும்பியவர்கள் குறைவு. பள்ளிவாசல் நிர்வாகம் முதல் மீன் வியாபாரி வரை எல்லோரும் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான். அவளுடைய கணவன் றஸாக் மட்டும் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டான். லொறிச் சாரதியான அவன் உலகத்தில் வேறு யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகவில்லை. பிரேக் சரியாகப் பிடிக்காத லொறியிடம்கூடப் பணிவாகத்தான் நடந்துகொள்வான்.

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த அந்த மார்கழிக்கு முன்பு நதீரா நெசவுக்காரி. ஆண்கள் உடுத்த அவள் நெய்த சாரங்களை அக்கரைப்பற்றுக் கடைக்காரர்கள் விரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கினார்கள். அவளுடைய தறிகளைக் கடல் எடுத்தது. தங்கை றிபாவையும் எடுத்தது. றிபாவைப் பற்றி நதீரா யாரிடமும் கதைப்பதில்லை. அவள் கதைக்காததை நாமும் இங்கே நீட்ட வேண்டாம்.

பிறகு நிவாரணம் வந்தது. வந்தது என்றால், லொறி லொறியாக வந்தது. மீன் டின், பால்மா, போர்வை, யாருக்கும் அளவில்லாத காற்சட்டை. எல்லாம் காட்போட் பெட்டிகளில். கொடுக்க வந்தவர்கள் பெட்டியைக் கையில் பிடித்தபடி ஒரு படம் எடுக்கக் கேட்டார்கள். வரிசையில் நின்ற பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நின்றார்கள். நதீராவின் முறை வந்தது.

“சாமான் தாறெண்டா தாங்க. மூஞ்சி தரமாட்டன்,” என்றாள்.

சொன்னதோடு நில்லாமல் திரும்பியும் நின்றுகொண்டாள். அவர்கள் எடுத்த படத்தில் அவளுடைய முதுகுதான் விழுந்திருக்கும். கை நீட்டி வாங்க நேர்ந்தது அவளுக்கு அப்படி எரிந்தது. உழைத்துத் தின்ற கை அது. ஆனால் வாங்கிய பெட்டி அவளுக்குப் பிடித்துப்போனது. எங்கோ ஒரு தேசத்தில் அடைத்து, கப்பலில் ஏற்றி, லொறியில் குலுக்கி, மழையில் இறக்கிய பெட்டி. உள்ளே ஒரு டின்கூட நசியவில்லை. முகாமில் மற்றவர்கள் பெட்டிகளைக் கிழித்து அடுப்பெரித்தபோது, இவள் அவற்றைப் பிரித்து, தகரக் கொட்டிலில் பாய்க்கு அடியில் அடுக்கினாள். தகரக் கொட்டிலை விட்டுக் கல்வீட்டுக்குப் போனபோதும் அந்த மட்டைகள் கூடவே போயின.

“குப்பையக் கட்டிக்கொண்டு புது வீட்டுக்குப் போறாள்,” என்று ஊர் சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த மட்டைக்கு வேலை வைத்தவர் சின்னப்போடி. சவளக்கடைப் பக்கத்துத் தமிழர். வயலுக்கு மேலே இருந்த மேட்டுக்காணியில் பப்பாசி வைத்திருந்தார். பழத்தைச் சாக்கில் கட்டி றஸாக்கின் லொறியில் கொழும்புச் சந்தைக்கு அனுப்புவார். சண்டை மறுபடி மூண்டதும் வீதியெல்லாம் சோதனை வந்தது. கிழக்கிலிருந்து போகும் லொறி என்றால் சந்தேகம். ஒரு பெரிய செக்பொயின்டில் இராணுவத்தினர் நீளமான இரும்புக் கம்பியோடு நின்றார்கள். சாக்குக்குள் ஏதும் ஒளித்திருக்கிறதா என்று பார்க்க அந்தக் கம்பியால் குத்துவார்கள். நெல்லுச் சாக்கைக் குத்தினால் நாலு மணி நெல் கொட்டும். பப்பாசியைக் குத்தினால் கொழும்பு போய்ச் சேருமுன் அது அழுகி, பக்கத்தில் இருப்பதையும் அழுகவைக்கும். சின்னப்போடியின் பழம் பாதி சந்தைக்கும் பாதி குப்பைக்கும் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் அவர் கல்முனைக்கு வந்த வழியில் நதீராவின் வீட்டு வாசலில் நின்று சொன்னார்.

“தங்கச்சி, இனி ஏலாது. மரத்தை எல்லாம் தறிச்சிப்போட்டு மரவள்ளி வைக்கப்போறன். மரவள்ளியக் குத்தினாக் குத்திட்டுப் போறான்.”

றஸாக்கின் முகம் கறுத்தது. பப்பாசி இல்லையென்றால் லொறிக்குச் சுமை இல்லை. சுமை இல்லையென்றால் மறுபடியும் யாராவது எதையாவது கொடுக்கும் வரிசையில் போய் நிற்க வேண்டும். அது அவனைவிட நதீராவுக்குத்தான் நன்றாக விளங்கியது.

“தறியாதீங்க போடியார். நான் பெட்டி செஞ்சி தாறன்,” என்றாள்.

“பெட்டியா? நீ சாரம் நெய்யிற ஆள்.”

“இப்ப பெட்டி செய்யிற ஆள்.”

இப்படி வாய்விட்டுச் சொல்வது சுலபம். முதலில் செய்த பெட்டிகளின் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள், ஊரும் சிரித்தது.

காட்போட் மட்டையைக் கிழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளித்தாள் இரண்டுக்கும் நடுவே இன்னொரு தாள் நெளிந்து நெளிந்து வரிவரியாக ஓடும். பலமெல்லாம் அந்த வரியில்தான். நெசவுக்காரி கண்ணுக்கு வரி என்றால் பாவு. தறியில் பாவு நூல் எப்போதும் நீளவாக்கில்தான் ஓடும். ஆகவே மட்டையைக் கையில் எடுத்ததும் நதீராவின் கை தானாகவே வரிகளைப் பெட்டியின் நீளத்துக்குப் படுக்கவைத்து வெட்டியது. இது சரியா என்று யோசிக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. ஒரு தச்சனோ மேசனோ இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டான். மருதமுனைக்காரியால்தான் அப்படி ஒரு பிழையை அவ்வளவு அழகாகச் செய்ய முடியும்.

பசை அந்த உப்புக் காற்றில் இளகும் என்று மூலைகளை நைலோன் நூலால் சாக்கூசி கொண்டு தைத்தாள். வெளிநாட்டுக் கொடியும் எழுத்தும் அச்சடித்த பக்கம் உள்ளே போகும்படி மட்டையைப் புரட்டினாள்.

“வெளியில காட்டினா நல்ல வடிவாத்தானே இரிக்கி,” என்றான் றஸாக்.

“ஆரோ தந்த பேரச் சுமந்துகொண்டு எங்கட பழம் போகாது.”

பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. லொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். அம்பாறை தாண்டவில்லை, அடிப்பெட்டிகள் வயிறு பிதுங்கி, முழங்கால் மடங்கி, மேலே இருந்தவை எல்லாம் முன்பக்கமாகச் சாய்ந்தன. றஸாக் லொறியைத் திருப்பிக்கொண்டு வந்தான்.

“உன்ட பெட்டியெல்லாம் தொழுறவன் மாதிரி நெத்தி நிலத்தில பட ஸுஜூதுல கிடக்கு புள்ள,” என்றான். அன்று அவனுக்கு இரவுச் சோறு கிடைத்ததா என்பது தெரியவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரத்தில் வந்த அழுகை. நசிந்த பெட்டி ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு அதன் பக்கச்சுவரைக் கையால் வளைத்தாள். பன்பாய் சுருளுவதுபோல ஒரு பக்கம் இலேசாக வளைந்தது. திருப்பிப் பிடித்து வளைத்தாள். முறைத்துக்கொண்டு நின்றது. மறுபடியும் திருப்பினாள், வளைந்தது. மறுபடியும் திருப்பினாள், நின்றது. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தறியில் பாவை இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கும். பாவின் வேலை இழுபடுவது. பெட்டியில் யாரும் இழுப்பதில்லை, மேலே ஏறி உட்காருகிறார்கள். இங்கே பாவின் வேலை சுமப்பது. சுமக்கிறவன் படுத்துக்கொண்டா சுமப்பான்?

“ஏய் மடைச்சி,” என்று தன்னையே திட்டிக்கொண்டு, அடுத்த பெட்டியின் வரிகளைச் செங்குத்தாக நிறுத்தி வெட்டினாள். அதைக் கவிழ்த்து வைத்து றஸாக்கை ஏறி நிற்கச் சொன்னாள். அவன் பயந்து பயந்து ஏறினான். பெட்டி அசையவில்லை. அவன் இறங்கத்தான் அவசரப்பட்டான்.

நசியாத பெட்டி வந்தாயிற்று. ஆனால் கம்பி நசிப்பதில்லையே, குத்துகிறது. மூடி தைத்த பெட்டியைக் கண்டதும் செக்பொயின்டில் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. புதுப்பெட்டிகள் போன முதல் பயணத்திலேயே அவற்றின் விலாவெல்லாம் ஓட்டை. சின்னப்போடி அந்த ஓட்டைகளுக்குள் விரலை விட்டு விட்டுப் பார்த்தார். அது நதீராவைச் சுட்டது.

“பழத்துக்குப் பெட்டி செஞ்சன் போடியார். பாக்கிறவன்ட கண்ணுக்குச் செய்யல்ல,” என்றாள். “இன்னும் ஒருக்கா தாங்க.”

“இதுதான் கடைசி. இதுவும் பழுதாப் போனா எனக்கு மரத்தில கத்தி வைக்கிறதத் தவிர வேற வழியில்ல.”

அதற்குள் நிவாரண மட்டை தீர்ந்துவிட்டது. கல்முனைக் கடைத்தெருவில் குளிர்சாதனப்பெட்டியும் தொலைக்காட்சியும் வந்த தடித்த மட்டைகளைத் தேடிப் பிடித்தாள். இந்த முறை பெட்டியை உயரமில்லாமல் பதிவாகச் செய்தாள், ஒரு பழத்தின் உயரம்தான். ஒரே அடுக்கு. மூடியைத் தூக்கினால் எல்லாப் பழமும் தெரியும். அடியில் ஒளிக்க இடமே இல்லை. மூடியைத் தைக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. பெட்டியின் அடிவரை இறங்கி மூடும்படி ஆழமாகச் செய்து கவிழ்த்தாள். அதனால் சுவரும் இரட்டைச் சுவராயிற்று. காற்றுப் போகவும் கண் போகவும் பக்கங்களின் நடுவில் துவாரம் விட்டாள். பாரம் மூலைகளில் இறங்கும் என்பதால் மூலைப்பக்கம் கத்தியைக் கொண்டுபோகவில்லை.

லொறி ஏற்றி முடிந்ததும் அவளும் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்தாள்.

“நீ எங்க வாறாய்?” என்றான் றஸாக்.

“பெட்டியோட.”

“பொம்புள லொறியில போனா ஊர் என்ன கதைக்கும்?”

“என்ட முதுகுக்குப் பின்னாலதானே கதைக்கும்? கதைக்கட்டும்.”

அது இரண்டாயிரத்து ஒன்பதின் தொடக்கம். வடக்கில் சண்டை உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. செக்பொயின்டில் லொறிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வரிசையில் நின்றன. வெயில் மண்டையைப் பிளந்தது. கறுப்பு அபாயாவோடு லொறியிலிருந்து ஒரு பெண் இறங்குவதைக் கண்டு கம்பி வைத்திருந்த சிப்பாய் ஒருகணம் தயங்கினான். பிறகு கம்பியை ஓங்கினான். நதீரா அவனுக்கும் லொறிக்கும் நடுவில் போய் நின்றாள்.

“குத்தாதீங்க. திறந்து காட்டுறன்.”

அவளுக்குச் சிங்களம் தெரியாது. றஸாக்குக்குத் தெரியும். “ஐயா கோபிக்க வேண்டாம், என் மனைவி பணிவாகக் கேட்டுக்கொள்கிறாள்” என்று தொடங்கி அவன் சிங்களத்தில் நீட்டிக்கொண்டே போனான்.

“நான் இவ்வளவு நீளத்துக்குக் கதைக்கல்லியே,” என்றாள் நதீரா.

முன்வரிசைப் பெட்டிகளின் மூடியைத் தூக்கினாள். பப்பாசிகள் மஞ்சளும் பச்சையுமாகக் கிடந்தன. சத்தம் கேட்டு மேலதிகாரி ஒருவர் வந்தார். கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். பெட்டியைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார், நீண்ட வரிசையைப் பார்த்தார். றஸாக்கிடம் ஏதோ சொன்னார். றஸாக்கின் முகம் மலர்ந்துவிட்டது.

“புள்ள, ஐயா நல்ல மாதிரி. எல்லாத்தையும் குத்தமாட்டாராம். நடுவில இருந்து ஒண்டே ஒண்ட மட்டும் குத்திப் பாத்திட்டு விடுறாராம்.”

“ஒண்டயும் குடுக்கமாட்டன்.”

“விசரா உனக்கு? ஒரு பெட்டிதானே! குடுத்திட்டுப் போவம்.”

நியாயமான பேச்சுத்தான். அந்த வரிசையில் நின்ற யாரைக் கேட்டிருந்தாலும் கொடுத்துவிட்டுப் போ என்றுதான் சொல்லியிருப்பார்கள். நதீரா கையிலிருந்த மூடியைப் பெட்டியில் கவிழ்த்தாள்.

“இஞ்சப் பாருங்க,” என்றாள். “கடல் வந்து எடுத்துக்கொண்டு போச்சி. என்னட்டக் கேக்கல்ல. கேட்டிருந்தா நான் றிபாவக் குடுத்திருக்கமாட்டன். ஒரு நூலக்கூடக் குடுத்திருக்கமாட்டன். இவரு கேக்கிறாரு. கேட்டா இல்லண்டு சொல்ல எனக்கு வாய் இரிக்கி. அப்பிடியே சொல்லுங்க.”

நாலு வருடங்களுக்குப் பிறகு றிபாவின் பெயர் அவள் வாயில் வந்திருந்தது. றஸாக் அதிகாரியின் பக்கம் திரும்பினான். அவன் அதை எப்படிச் சிங்களத்தில் சொன்னான், எவ்வளவு சொன்னான் என்று தெரியவில்லை. இந்த முறை அவன் நீட்டவில்லை என்று மட்டும் தெரியும்.

மேலதிகாரி அவளை முறைத்துப் பார்த்தார். “அப்படியானால் எல்லாவற்றையும் இறக்கு. ஒவ்வொன்றாகத் திறந்து காட்டு,” என்று றஸாக்கைக் கொண்டு சொல்லவைத்தார். பயந்து வழிக்கு வருவாள் என்று நினைத்துத்தான் சொன்னார்.

அவருக்கு நதீராவைத் தெரியாது. அவள் அபாயாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு லொறியில் ஏறினாள்.

ஒவ்வொன்றாக இறக்கினாள். மூடியைத் தூக்கினாள். சிப்பாய் பார்க்கும் வரை நின்றாள். அவன் வேறு பக்கம் பார்த்தால் “இஞ்ச, இஞ்ச” என்று கூப்பிட்டுக் காட்டினாள். மூடினாள், அடுத்ததை இறக்கினாள். பெட்டிக்குள் பப்பாசி இருந்தது. அடுத்த பெட்டிக்குள்ளும் பப்பாசிதான் இருந்தது. றஸாக்கும் வியர்க்க விறுவிறுக்க இறக்கினான். பின்னால் நின்ற லொறிகள் ஹோர்ன் அடித்தன. ஒரு சாரதி இறங்கி வந்து அவளுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. கம்பியோடு நின்ற சிப்பாய் கொஞ்ச நேரத்தில் கம்பியைச் சாய்த்து வைத்துவிட்டு நிழலில் குந்தினான். அடுத்து மேலதிகாரியின் பொறுமையும் போனது.

“சரி, சரி. போ,” என்றார். அந்தளவு தமிழ் அவருக்குத் தெரிந்திருந்தது.

“இன்னும் இரிக்கி,” என்றாள் நதீரா.

“போ என்று சொல்லுறேன்!”

“பாத்து முடிங்க. நாளைக்கு வந்து, இந்தப் பொம்புளட பெட்டியில என்ன இருந்ததோ என்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது.”

றஸாக் அதை மொழிபெயர்க்கவில்லை. தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றான். கடைசிப் பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டி, மூடி, அடுக்கி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வீதியோரத்துப் புல்லில் நின்று அஸர் தொழுதுவிட்டு அவள் லொறியில் ஏறினாள். கைகள் இரண்டும் மட்டையின் விளிம்பு கீறிக் காந்தின. பெட்டிகளில் ஒரு ஓட்டை இல்லை.

காலைச் சந்தைக்குப் பிந்திப் போனதால் அந்தச் சுமை நல்ல விலைக்குப் போகவில்லை. அதைச் சொல்லி றஸாக் வழிநெடுகப் புலம்பினான். சின்னப்போடியும் முகத்தைச் சுளித்தார். வெறும் பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விலாவைத் தடவினார். அவர் பழம் அழுகாமல் சந்தையில் இறங்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

“அடுத்த பறிப்புக்கும் பெட்டி வேணும் தங்கச்சி,” என்றார்.

அதோடு மரம் தப்பியது. அடுத்தடுத்த பயணங்களிலும் நதீரா போனாள். அந்தச் செக்பொயின்டில் அவள் இறங்கியதுமே மூடியைத் தூக்கத் தொடங்கிவிடுவாள். சிப்பாய்கள் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பிவைப்பார்கள். சின்னப்போடியின் பெட்டியைக் கண்ட வேறு தோட்டக்காரர்களும் கேட்டு வந்தார்கள். தக்காளிக்கு ஒரு பெட்டி, கறிமிளகாய்க்கு ஒரு பெட்டி. நதீராவின் வீட்டில் நாலைந்து பெண்கள் வெட்டவும் தைக்கவும் தொடங்கினார்கள். அவர்களில் ஒருத்தி வரியைப் படுக்கவைத்து வெட்டினால் நதீராவின் சத்தம் கடற்கரை வரை கேட்கும்.

வைகாசியில் யுத்தம் முடிந்தது என்றார்கள். வீதியில் வெடி கொளுத்தினார்கள், லொறிகளில் கொடி கட்டினார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். றஸாக்கின் வழியில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. அதே செக்பொயின்ட், அதே வரிசை. யுத்தம் முடிந்த செய்தி கம்பிக்கு யாரும் சொல்லவில்லை போல.

அந்தக் கிழமை நதீராவுக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது. றஸாக் தனியாகத்தான் லொறியை எடுத்தான். வழியெல்லாம் பக்கத்துக் காலி முன்சீற்றைப் பார்த்துப் பார்த்து ஓட்டினான். செக்பொயின்டில் லொறியை நிறுத்தியதும் கம்பியைத் தூக்கிக்கொண்டு சிப்பாய் வந்தான். பெட்டிகளைக் கண்டான். நின்றான். முன்சீற்றை எட்டிப் பார்த்தான். சாரதி ஆசனத்துக்குப் பின்னால், படுக்கும் இடத்தை மறைத்துத் தொங்கிய திரையையும் பார்த்தான்.

“நோனா எங்க?” என்று நதீராவை அம்மணியாக்கிக் கேட்டான்.

உண்மையைச் சொல்லத்தான் றஸாக் வாயைத் திறந்தான். வாழ்நாளெல்லாம் அப்படித்தானே பழகியிருந்தான். ஆனால் கம்பியின் நுனி பெட்டியின் விலாவுக்குக் கிட்ட நின்றது. அதைக் கண்டதும் அவனுக்குள் ஏதோ நிமிர்ந்தது.

“உள்ளுக்கு. நித்திர,” என்றான். கம்பியைப் பார்த்தான், சிப்பாயின் முகத்தைப் பார்த்தான். “எழுப்பவா?”

சிப்பாய் இரண்டடி பின்னால் போனான்.

“வேணாம், வேணாம். போ.”